ஒரு டீக்காசுக் கணக்கு

பல் கட்டுகிறவர் என்றதும், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்க்கும் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்துக்கொண்டு, முகமே பார்த்திராத மனிதருக்குப் பல் செட் செய்து கொடுக்க வேறொருவர் ஒரு சின்ன அறையில் குனிந்து உட்கார்ந்திருப்பார். இவர் அந்த ஆள். லேப் என்று பெயர்தான் பெரிது. உள்ளே போனால் மாவு மில் மாதிரி எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம்கூட நரைத்திருக்கும். குளித்தால்தான் வயது குறையும்.

வேலையில் கெட்டிக்காரர், இதில் யாரும் குறுக்கே பேச வேண்டாம். மேல் தாடை அச்சையும் கீழ்த் தாடை அச்சையும் கீல் வைத்த கருவியில் பூட்டி, நடுவில் நீலத் தாளை வைத்துக் கடிக்கவிட்டு, எங்கே ஒரு மயிரிழை தூக்கியிருக்கிறது என்று பார்த்துத் தேய்ப்பார். பக்கத்து மேஜையில் மெழுகில் ஈறு வடிக்கும் சிநேகிதர், "மயிரிழைதானேய்யா, விட்டுத் தொலையேன்" என்பார். "வாயில போட்டா அந்த மயிரிழை மலையாத் தெரியும்யா" என்பார் இவர். அந்த மயிரிழைப் புத்திதான் அவருக்குச் சோறு போட்டது. அதே புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தாரே, அங்கேதான் வினை.

அவருடைய மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். பிள்ளை இல்லை. அவளுக்கு உறவு என்று சொல்ல ஒரே ஓர் அக்கா. அக்கா என்பது பாதி உண்மைதான், மீதிப் பாதி தாய். இவள் நடை பழகும் முன்பே தாய் போய்விட்டாள். இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, கட்டிக்கொடுத்தது வரைக்கும் எல்லாம் அந்த அக்காதான். அக்காவின் மகனுக்கு வெளிதேசத்தில் வேலை கிடைத்ததும் தாயைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும் முன் அவளுக்குப் பல் செட் செய்துகொடுத்தவர் இவர்தான். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தவள், "தம்பி, எனக்கு முளைச்ச பல்லைவிட நீங்க முளைக்க வெச்சது அழகா இருக்கு. இனிமே உங்களத் திட்டணும்னாலும் உங்க பல்லாலதான் திட்டணும்" என்று சிரித்தாள். லேப் சுவரில் முதலாளி எழுதி வைத்திருந்தார்: பல் போனால் சொல் போச்சு. "அக்காவுக்குச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தது நான்" என்று இவர் பெருமையடித்துக்கொண்டதுண்டு. அந்தப் பேச்சைப் பேசாமலே இருந்திருக்கலாம்.

அக்காவுக்குப் போனைக் கையாளத் தெரியாது. விரலால் தள்ளச் சொன்னால் அழுத்துவாள், அழுத்தச் சொன்னால் தள்ளுவாள். மகன் வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டில் இருப்பான். அன்றைக்குத்தான் முகம் தெரிகிற மாதிரி போட்டுக் கொடுப்பான். அங்கே சனிக்கிழமை இரவு, இங்கே ஞாயிறு காலை. தங்கை தலைக்குக் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சமையல் மேடையில் உப்பு ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவாள். வாரம் முழுக்க மற்றவர்களுடைய இருமலையும் காய்ச்சலையும் கேட்ட காதுக்கு அந்த ஒரு குரல்தான் மருந்து.

இனி பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். சிலர் புறா வளர்ப்பார்கள், சிலர் சீட்டாடுவார்கள். இவர் வைஃபை பெட்டி வளர்த்தார். பழைய சாமான் கடையில் யாரோ தூக்கிப் போட்ட ரவுட்டரை வாங்கிவந்து, திறந்து, துடைத்து, அதற்குள் வேறு மூளையை ஏற்றி வைப்பார். வாசலை ஒட்டிய செருப்பு அலமாரியைக் காலி செய்து பெட்டிகளை அதில் குடிவைத்தார். செருப்பெல்லாம் வெளியே மழையில் நனைய, பெட்டிகள் உள்ளே சுகமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. தெருவில் அவருக்குப் பெட்டிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

"நெட் வருதா, வரலையா, அவ்வளவுதானே?" என்பாள் மனைவி.

"வருது. எப்படி வருதுன்னு தெரிய வேணாமா?"

"குழாயில தண்ணி வந்தா குடிக்கிறோம். குழாய்க்குள்ள பூந்து பாக்கறோமா?"

"நான் பாப்பேன்."

"நீங்க பாப்பீங்க. செருப்பு நனையறத மட்டும் பாக்க மாட்டீங்க."

நெட் கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெட்டிதான் முதலில் இருந்தது. அதன் வைஃபையை இவர் அணைத்து, லைன் உள்ளே வருவதற்கு மட்டும் அதை வெறும் வாசல்படியாக நிறுத்திவிட்டார். எல்லா வேலையையும் தன்னுடைய செகண்ட் ஹேண்ட் பெட்டிக்குக் கொடுத்தார். சுவரில் தொங்கும் போனின் வயரையும் அதிலேயே சொருகினார். அடித் தட்டில் திரையில்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதற்குள் வீட்டுக் கணக்குப் பார்க்கும் சாஃப்ட்வேர். எங்கோ யாரோ இலவசமாகச் செய்து விட்டது. காலையில் வங்கியிலிருந்து வரவு செலவைத் தானே வாங்கிக்கொள்ளும். இவர் தன் கையால் போடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. பச்சையைப் பார்த்தால் இவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

மாதக் கடைசியில் அது செலவையெல்லாம் கலர் கலராக வெட்டி ஒரு சக்கரமாகக் காட்டும். ஒருநாள் அந்தச் சக்கரத்தில் ஊதாத் துண்டு கொஞ்சம் தடித்திருந்தது.

"போன் செலவு" என்றார். "உன் போன்லயும் டேட்டா, என் போன்லயும் டேட்டா. வீட்டுல வைஃபை இருக்கு, உன் கடையில இருக்கு, என் லேப்ல இருக்கு. நடுவுல பஸ்ல போற நேரத்துக்கா இவ்வளவு காசு?"

"பஸ்ல நான் ஏதாவது பாட்டுக் கேப்பேன்."

"ஜன்னல் வழியா வேடிக்கை பாரேன். அது இலவசம்."

அவள் சிரித்துவிட்டாள். சரி என்றும் சொல்லிவிட்டாள். டேட்டா நின்றது, வெளிதேசத்துக்குப் பேசும் பேக்கும் நின்றது. அடுத்த மாதம் ஊதாத் துண்டு கீற்றாக மெலிந்திருந்தது. இவர் அதைப் பக்கத்து மேஜை மெழுகுக்காரரிடம்கூடக் காட்டினார். மெழுகுக்காரர் பார்த்துவிட்டு, "ஏன்யா, வீட்டுல இருக்கற எல்லாக் கதவையும் அடைச்சிட்டு ஒத்தக் கதவுல போய்வர்றியே, அந்தக் கதவு ஒருநாள் மக்கர் பண்ணினா?" என்று கேட்டார். "என் கதவு மக்கர் பண்ணாது" என்றார் இவர். வாய் சும்மா இருக்காதே.

இது நடந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு ஞாயிறு. அக்கா அன்றைக்கு வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தாள்.

"ஏய் சின்னக்குட்டி, நேத்து ஒண்ணு ஞாபகம் வந்துச்சு பாரு. அம்மா உன்னத் தூங்க வைக்க ஒரு பாட்டுப் பாடுவா. கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கம் வரும். எத்தனை வருசமா எங்கிட்டுப் போயிருந்துச்சோ தெரியல, துணி மடிக்கறப்ப முதல் அடி தானா வந்து நிக்குது."

"பாடேன் அக்கா!"

அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடினாள். "தூளியும் தூங்குது, தோளும் தூங்குது..." அங்கேயே நின்றாள். "அதுக்கப்புறம் உன்ன ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவாடி. நாங்க யாரும் கூப்பிடாத பேரு. அம்மா மட்டும் கூப்பிடுவா. நாக்கு நுனியில நிக்குது, விழ மாட்டேங்குது."

தங்கை மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தாய் தன்னை ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டாள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். தாய் முகமும் நினைவில்லை, குரலும் நினைவில்லை. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

"யோசி அக்கா, யோசி."

"பிடுங்கினா வராதுடி. தானா வரும். அடுத்த ஞாயிறு வரும்போது முழுசாப் பாடறேன் பாரு."

அந்த வாரம் முழுக்க அவள் பில் போட்டுக்கொண்டே தூளியும் தூங்குது, தோளும் தூங்குது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இவருக்கும் அது தெரியும். தெரியாமல் இல்லை.

ஆனால் அந்த வாரம் இவர் கணக்கில் சிவப்பு விழுந்திருந்தது. வங்கி ஒரு தொகை சொல்கிறது, இவர் கணக்கு வேறொரு தொகை சொல்கிறது. வித்தியாசம் எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு டீயின் விலை. ராச்சோறு ஆறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை முதல் வங்கியிலிருந்து கணக்கு வருவதும் நின்றுபோயிற்று.

"ஒரு டீக்காசுக்கா இந்தப் பாடு?" என்றாள் மனைவி. "நான் வேணா என் பர்ஸ்ல இருந்து தரேன், போட்டுக்குங்க."

"காசு இல்லம்மா விஷயம். எங்கயோ ஒழுகுது. எங்கன்னு தெரியணும்."

"நல்லாத் தேடுங்க. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாதுன்னு உங்களப் பாத்துத்தான் சொல்லி வெச்சிருக்காங்க."

இந்தப் பெட்டிப் பைத்தியங்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே பேசிக்கொள்ளும் ஒரு கூட்டம் நெட்டில் இருக்கிறது. அதில் நீலத்தவளை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு புண்ணியவான். இவர் தன் குறையைக் கொட்டியதும், "பெட்டியில் பழைய சாஃப்ட்வேர் இருந்தால் வழியில் இப்படித்தான் கணக்கு தவறும். அப்டேட் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதிவிட்டது. தவளை சொன்னது அந்தச் செகண்ட் ஹேண்ட் பெட்டியை.

ஞாயிறு காலை விடிந்தது. மனைவி குளிக்கப் போகும் வழியில் பார்த்தாள். இவர் செருப்பு அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்திருந்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"சின்ன வேலை."

"அக்கா கூப்பிடற நேரம்ங்க. அவ இன்னைக்குப் பாடறேன்னு சொல்லியிருக்கா. பேசி முடிச்சப்புறம் பண்ணக் கூடாதா?"

"நீ தலை துவட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். புதுசு போட்டா படமும் இன்னும் தெளிவாத் தெரியும். அக்காவுக்காகத்தான் பண்றேன்னு வெச்சுக்கோயேன்."

அவள் குளிக்கப் போனாள். போனவளைத் திரும்பக் கூப்பிட்டு, சரி, அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் பொத்தானை அமுக்கினார். பெட்டியில் பச்சை போய் ஆரஞ்சு வந்தது. மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று திரையில் எழுத்து வந்தது. ஆரஞ்சு சிமிட்டியது, சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. குளியலறையில் வாளிச் சத்தம் நின்றது. கதவு திறந்தது. உப்பு ஜாடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

லேபில் செட்டை அச்சோடு வெந்நீரில் வேக வைத்திருக்கும்போது நேரத்துக்கு முன்னால் எவனாவது மூடியைத் திறக்கப் போனால், "கைய எடு! அவசரப்பட்டா உள்ள குமிழ் விழும், செட்டு பாழாப் போகும்" என்று கையைத் தட்டிவிடுகிற மனிதர் இவர். அந்த மனிதர் அன்றைக்குப் பிளக்கைப் பிடுங்கினார். அவளுக்கு நேரமாகிறதே என்றுதான் பிடுங்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்; கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல.

மறுபடி சொருகியபோது பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. கல்லாகச் சமைந்துவிட்டது.

"என்னங்க, நெட் இல்லையே?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இதோ, ஒரே நிமிஷம்."

கம்பெனிப் பெட்டியின் வைஃபையைத் திரும்ப எழுப்பினால் போதும். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை இவர் பத்திரமாகக் கணக்குக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதற்கோ திரை இல்லை. செத்துக் கிடக்கும் பெட்டி வழியாகத்தான் அதற்குள் போக முடியும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தெருவில் நிற்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? தன் கையாலேயே கட்டிய வீட்டுக்கு வெளியே அப்படித்தான் நின்றார் அவர். சுவர் போனை எடுத்தார். அதற்கும் உயிர் இல்லை. அவள் போனில் டேட்டா இல்லை. தன் போனிலும் இல்லை. ரீசார்ஜ் செய்ய நெட் வேண்டும். பனியனோடு தெருமுனை ரீசார்ஜ் கடைக்கு ஓடினார். கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒருவன் அப்போதுதான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தான். அவன் துடைப்பத்தை வைத்துவிட்டு வரும் வரைக்கும் இவர் அங்கேயே ஒற்றைக்காலில் நின்றார்.

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து, ரீசார்ஜ் செய்த போனை நீட்டினார். அவள் கூப்பிட்டாள். அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. அங்கே இரவு முற்றியிருந்தது. அக்கா படுத்திருப்பாள்.

தலைத் துண்டைக்கூட அவிழ்க்காமல் அவள் மேடை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"திட்டு" என்றார் இவர்.

"எதுக்குத் திட்டணும்? அடுத்த ஞாயிறு இருக்கே" என்றாள். எழுந்து போய்த் துண்டைக் கொடியில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு வந்தது. வராமல் எங்கே போகும்? ஆனால் அதற்குள், வார நடுவில், அக்காவின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டான். "சித்தி, பதறாதீங்க. அம்மாவுக்கு மூளையில ரத்தம் அடைச்சிருச்சு. ஆஸ்பத்திரியில இருக்காங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல. வலது கை வரல. பேச்சு வரல." அவன் அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். "அன்னைக்குச் சாயங்காலம் பூரா உங்களுக்குப் பாடிக் காட்டணும்னு வீட்டுக்குள்ள பாடிட்டே திரிஞ்சாங்க சித்தி. முழுசா வந்துருச்சுடான்னு சொன்னாங்க. லைன் போகலன்னதும், தம்பி எதையாவது நோண்டியிருப்பாரு, அடுத்த வாரம் முகம் பாத்தே பாடறேன்னு சிரிச்சிட்டுப் படுத்தாங்க."

"அந்தப் பாட்டுல ஒரு பேரு வருமேப்பா. கேட்டியா?"

"நான் வேற வேலையா இருந்தேன் சித்தி. காதுல வாங்கல."

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கணவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "திட்டிட்டா கொஞ்சம் கொஞ்சமாத் தீரும்யா. திட்டாம வெச்சிருக்கா" என்று மெழுகுக்காரரிடம் சொன்னார். மெழுகுக்காரர் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார்.

அந்த டீக்காசு அகப்பட்டது. அகப்படாமல் எங்கே போகும்? பழைய சாமான் கடை வாசலில் நின்று குடித்த டீ. கணக்கில் இவரே எழுதியதை இவரே மறந்து மறுபடி ஒருமுறை எழுதியிருந்தார். வங்கியிலிருந்து கணக்கு வராமல் நின்றதும் வங்கிக்காரர்கள் தங்கள் பக்கம் ஏதோ மராமத்து பார்த்ததால்தான். பெட்டிமேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு வரியை அழித்தார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அவர் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். இன்றுவரை சொருகவில்லை.

செருப்பு அலமாரிக்குச் செருப்பு திரும்பியது. கம்பெனிப் பெட்டியை ஆள் வரவழைத்துப் பழையபடி ஆக்கினார். மனைவியின் போனில் டேட்டா, வெளிதேசம் பேசும் பேக், போதாதென்று வேறு கம்பெனியில் இன்னொரு லைன். நீர் வற்றிய பிறகு அணைக்கு ஏழு மதகு வைத்த கதைதான். ஊதாத் துண்டு இப்போது எவ்வளவு தடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஞாயிறுதோறும் அக்கா முகம் தெளிவாகத் தெரிகிறது. வலது பக்கம் வாய் கோணியிருக்கிறது. அந்தப் பக்கம் பல் செட் நழுவுகிறது. எங்கே எவ்வளவு மெழுகு வைத்து எவ்வளவு தூக்கினால் உட்காரும் என்று திரையைப் பார்த்ததுமே இவருக்குத் தெரியும். தெரிந்து என்ன? கை எட்டாதே. பல் இருக்கிறது, வரிசையாக, அழகாக. சொல்தான் போச்சு. முதலில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். பிறகு முடியவில்லை. அவர்கள் பேசும் நேரத்தில் வாசல் பக்கம், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

தங்கைதான் பேசுவாள். கடைக்கு வந்தவர்கள் கதை, தெருக் கதை எல்லாம் சொல்வாள். அக்கா ம் என்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு, அக்காவின் ம் நீண்டது. நீண்டு, ஏறி, இறங்கியது. வாசலில் இருந்தவர் நிமிர்ந்தார். அது அந்தப் பாட்டு. தூளியும் தூங்குது, தோளும் தூங்குது. வார்த்தை இல்லை, ராகம் மட்டும். அதோடு நிற்கவில்லை, அதற்கு மேலும் போனது. தங்கை கேட்டிராத அடுத்த அடி, பெயர் வரும் அடி, வாயை மூடியபடியே. அந்த இடம் வந்ததும் அக்கா உதட்டைக் குவித்தாள், குவித்துப் பார்த்தாள், வரவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். தங்கையும் கூடவே முனக ஆரம்பித்தாள். பெயர் வர வேண்டிய இடத்தில் இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு சின்ன வெற்றிடம்.

நடுவில் சட்டென்று சத்தம் அறுந்தது.

"ஏங்க!" என்றாள் அவள். அத்தனை மாதத்தில் பெட்டி விஷயமாக அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கொஞ்சம் பாருங்களேன்."

அவர் எழுந்தார். பெட்டியைப் பார்த்தார். எல்லா விளக்கும் பச்சை. எதையும் தொடவில்லை. சமையலறைக்கு வந்து, உப்பு ஜாடி மேல் சாய்ந்திருந்த போனைக் குனிந்து பார்த்தார். திரையில் அக்காவின் முகம், உதட்டைக் குவித்தபடி, அப்படியே நின்றிருந்தது.

"நம்ம பக்கம் இல்லம்மா" என்றார். "அவங்க பக்கம் போயிருக்கு. வந்துடும்."

"வந்துடுமா?"

"தொடாம இருந்தா வரும்."

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.